இரண்டு கடிகாரத்து ராகு காலம்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர், "நீர் எதைப் பற்றியாவது சிரிக்காமல் எழுதுவீரா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் முயன்று பார்க்கிறேன். ஆனால் ஒன்று. எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், குரல் கீச்சென்று போகும், எதிரில் நிற்பவர் சிரித்துவிடுவார். எழுத்திலும் அப்படி ஆகிவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது என் தங்கை பாக்கியத்தைப் பற்றியது.

ஒரு மத்தியானம், கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டு வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் சமையல். அதனால் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்கும் தைரியம் இன்னும் வரவில்லை. தலையை நீட்டிப் பார்த்தால் பாக்கியம். மடியில் தகரப் பெட்டி. கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய் ஆறு மாதம்கூட ஆகாத பெண், தனியாக வந்திருக்கிறாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை எங்க?"

"படுத்திருக்காரு. கால்ல மாவுக்கட்டு. எந்திரிக்க முடியாது."

"கால் ஒடிஞ்சு கெடக்குறவர விட்டுட்டு நீ எதுக்கு வந்தே?"

"வரல அண்ணே. அனுப்பிட்டாங்க." பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். குரலில் அழுகை இல்லை. "என் தாலி ராகு காலத்துல கட்டின தாலியாம். அதக் கழட்டி வச்சிட்டு, நல்ல நேரம் பாத்து மறுபடி கட்டுற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

"வேற யாரு? பெரிய மாமா."

பெரிய மாமா என்றால் மாப்பிள்ளை சிதம்பரத்தின் பெரியப்பா. கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தாய் தகப்பன் இல்லாத சிதம்பரத்தைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். அவர் வளர்த்த விதத்தில் அந்தப் பையன், தும்மல் வந்தால்கூடப் பெரியப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் தும்முவான். இந்த மனிதரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிள்ளான் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் மூக்கு நுனி சுடுகிறது.

நானும் லேசுப்பட்டவன் இல்லை

பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போடப் போகிறேன் என்று நினைத்து யாரும் கைதட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பஞ்சாங்கம் பார்க்காமல் நான் நகம்கூட வெட்டியதில்லை. சவரத்துக்கு ஆகாத நாட்களாக வரிசையாக வந்துவிட்டால், தாடியும் மீசையுமாக வேலைக்குப் போய் நிற்பேன். எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. என் ஜாதகத்துக்குப் பொருந்துகிற பெண் மலாயாவில் இன்னும் பிறக்கவில்லை என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். அதை நம்பி, யாராவது பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் நான் பார்சல் கிராணி. குமாஸ்தாவைத்தான் இங்கே கிராணி என்போம். மூட்டைகளை நிறுத்து, சீட்டு ஒட்டி, ரயிலேற்றுகிற உத்தியோகம்.

எங்கள் ஜனங்களுக்கும் ரயிலுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. ரயில் ராகு காலத்தில் புறப்படும். இவர்கள் புறப்பட மாட்டார்கள். துரையிடம் போய், "கொஞ்சம் பொறுத்து விடுங்கள்" என்று கேட்க முடியுமா? அதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரத்திலேயே ஒரு மூட்டையைப் பயணம் போகிற திசையில் இன்னொரு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை.

அந்த இன்னொரு இடம் எது? என் பார்சல் கவுண்டர்தான்.

"அண்ணே, இந்த மூட்டைய வச்சுக்குங்க. ராகு காலம் வரப்போவுது. நான் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு வரேன்."

இப்படி ஒவ்வொருவராக வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் மேலதிகாரி துரை வந்து, சீட்டு ஒட்டாத மூட்டைகள் கழுத்தளவு குவிந்திருப்பதைப் பார்த்து, "இதெல்லாம் என்ன?" என்று சத்தம் போட்டார்.

"இந்தப் பயணிகள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார்கள், சார். உடம்பு மட்டும் பின்னால் வரும்" என்றேன்.

துரை என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னைத் தனியாகச் சந்திப்பதைத் தவிர்த்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பாக்கியத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த மூட்டைகள்தான் ஞாபகம் வந்தன. நல்ல நேரம் வருகிற வரை இங்கே கிடக்கட்டும் என்று ஒருவர் வைத்துவிட்டுப் போன பரஸ்தான மூட்டை, என் தங்கை. ஆனால் மூட்டையை எடுத்துப்போக ஆள் திரும்பி வருவான்.

துரைத்தனம் தள்ளிய இருபது நிமிடம்

தாலி நேரத்தில் எப்படிச் சண்டை வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கடிகாரத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

கல்யாணம் நடந்த அந்த வருஷம், துரைத்தனத்தார் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்குமாம், வெள்ளைக்காரர்கள் வேலை முடிந்து பந்து விளையாடலாமாம். எங்களுக்குக் கிடைத்தது, காலையில் இருபது நிமிடத் தூக்கம் நஷ்டம். பத்து மணி என்று இருந்தது பத்து இருபது ஆயிற்று. ரயில்கள் புது நேரத்துக்கு ஓட ஆரம்பித்தன.

பஞ்சாங்கமோ தமிழ்நாட்டில் அச்சாகிக் கப்பலில் வருகிறது. அதற்கு இந்த விஷயம் தெரியாது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று எப்போதும்போல் போட்டிருந்தது. எந்தப் பத்தரை? பழைய பத்தரையா, புதுப் பத்தரையா? கோயிலில் சண்டை, கோப்பிக் கடையில் சண்டை, கிணற்றடியில் சண்டை.

எங்கள் ஆபீசில் கந்தையா என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். தந்தி மேசையில் வேலை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவர் சொன்னது இது.

"ஐசே, சூரியன் துரையிட்டைச் சம்பளம் வாங்கிற ஆளோ? துரை தள்ளச் சொன்னா அவரும் தள்ளி உதிப்பாரோ? பகலை எட்டாப் பிரிச்சால், வெள்ளிக்கிழமைக்கு நாலாம் பங்கு ராகு. பகல் எண்டால் சூரியன் உதிக்கிறதிலயிருந்து. இஞ்சை சூரியன் பழைய மணிக்கூட்டிலயும் ஆறுக்கு உதிக்கேல்லை, புது மணிக்கூட்டிலயும் ஆறுக்கு உதிக்கேல்லை. பிறகென்ன பத்தரை?"

பழைய பத்தரைக்கும் பிறகுதான் இந்த ஊரில் வெள்ளிக்கிழமை ராகு வருகிறது என்பது அவர் கணக்கு. கந்தையா பேச்சைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. கோயில் பண்டாரம் பழைய கடிகாரத்தைத் தொடவே விடவில்லை. கிள்ளான் பெரியவரும் அதே கட்சி. "துரை முள்ளைத் தள்ளுவான், நாளைக்கு அமாவாசையத் தள்ளுவான். என் கடையில இந்த வேலையெல்லாம் நடக்காது" என்று கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே ஓடவிட்டார்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

கருவாட்டு லோரியில் வந்த மாப்பிள்ளை

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் கோயிலில். ராகு காலத்துக்கு முன்னால் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வர வேண்டும்.

வரவில்லை. ரயில் புது நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது. பெரியவர் பழைய நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். தண்டவாளம்தான் இருந்தது. கடைசியில் தெரிந்த ஒரு சீனரின் லோரியைப் பிடித்து, பின்னால் கருவாட்டு மூட்டைகள்மேல் ஜமுக்காளத்தை விரித்து, மாப்பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, மாலை, எல்லாவற்றுக்கும் மேலே நெத்திலி வாசனை. கோயில் பூனைகள் மாப்பிள்ளையோடு மணவறை வரை வந்தன.

நேரமாகிவிட்டதே என்று நான் நகத்தைக் கடித்தபடி நின்றேன். அப்போது பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? மடியிலிருந்து பாக்கெட் கடிகாரத்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்குங்க! பத்து இருவதுதான். ராகு காலத்துக்கு இன்னும் பத்து நிமிசம் கெடக்கு. கெட்டி மேளம்!"

அவர் வாய். அவர் கடிகாரம். அவர் சொல்லித்தான் மேளக்காரர் அடித்தார், சிதம்பரம் தாலி கட்டினான். பண்டாரம் பார்த்த நேரமும் அதேதான். ஸ்டேஷன் கடிகாரத்தில் அப்போது பத்து நாற்பது இருந்திருக்கும். அதை யாரும் நினைக்கவில்லை. நெத்திலி வாசனையில் யாருக்கு என்ன நினைக்கத் தோன்றும்?

அறுந்த கயிறு

சிதம்பரத்துக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை. அதை வாங்கிக் கொடுத்தவர் பெரியவர்தான், அங்கிருந்த குத்தகைக்காரர் அவருடைய சினேகிதர். வேலையில் சேர நல்ல நாள் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, ஒரு நாள் சரக்கைத் தூக்கிய கயிறு அறுந்து, பெட்டி அவன் காலில் விழுந்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். அந்தக் கயிறு நைந்து போயிருக்கிறது என்று அங்கே எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அறுந்தது கயிறு. அந்தக் கயிறு எந்த முகூர்த்தத்தில் திரித்தது என்று யாராவது கேட்டார்களா? குத்தகைக்காரர் வீட்டுப் படியேறி, "ஏன் ஐயா மாற்றவில்லை?" என்று பெரியவர் கேட்டாரா? சினேகிதரை எப்படிக் கேட்பது? கேட்டால், அந்த வேலையில் கொண்டுபோய் விட்டது யார் என்ற கேள்வி அவர் பக்கமே திரும்புமே! அதனால் வேறு எதிலாவது குற்றம் வேண்டியிருந்தது. வாயில்லாததாக இருந்தால் நல்லது.

தாலிதான் அகப்பட்டது.

"கவர்மெண்டு கடியாரப்படி அது பத்து நாப்பது. சரியான ராகு காலம். அந்தத் தாலி அந்தக் கழுத்துல கெடக்குற வரைக்கும் என் புள்ள எந்திரிக்க மாட்டான்" என்று அறிவித்தாராம். இருபது நிமிடத்தை ஏற்காத மனிதர், துரைத்தனத்தைத் திட்டிய மனிதர், என் தங்கையைத் துரத்துவதற்கு மட்டும் துரைத்தனத்தின் கடிகாரத்தைக் கடன் வாங்கிக்கொண்டார்!

இதில் இன்னொரு கூத்து. "அப்ப இனிமே நீங்க எந்த நேரப்படி ராகு காலம் பாப்பீங்க?" என்று யாரோ கடையில் கேட்டுவிட்டார்கள். பின்வாங்கினால் தாலி விஷயம் அடிபட்டுப்போகும். ஒப்புக்கொண்டால் சுவர்க் கடிகாரத்தைத் தள்ள வேண்டும், அது கௌரவக் குறைச்சல். யோசித்து, பாக்கெட் கடிகாரத்தைப் புது நேரத்துக்கு மாற்றினார், சுவர்க் கடிகாரத்தைப் பழைய நேரத்தில் விட்டார், ராகு காலத்தை இரண்டுக்கும் பார்த்தார். பாக்கெட்டில் தொடங்கிச் சுவரில் முடிகிற ராகு காலம். உலகத்தில் எல்லாருக்கும் ஒன்றரை மணி நேரம். அவருக்கு மட்டும் இருபது நிமிடம் அதிகம்.

அவருக்கும் நல்ல நேரம்

முதலில் நான் கோபப்படவில்லை. பயந்தேன். என் சுபாவம் அது. பண்டாரத்திடம் ஓடி, மறுதாலி கட்ட ஒரு நாள் குறித்து வாங்கிக் கிள்ளானுக்குச் சொல்லியனுப்பினேன்.

அன்று அஷ்டமி தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. வேறு நாள் குறித்தேன். கரிநாள். அடுத்தது சிதம்பரத்துக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று காலை அவர் கடையில் பல்லி சொன்ன இடம் சரியில்லையாம். பிறகு ஆடி மாதம் வந்துவிட்டது.

பண்டாரம் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டார். "தம்பி, நாள் பாக்குறது கட்டுறவனுக்கு. கட்ட மனசில்லாதவனுக்கு நான் எந்த நாளத் தேடுவேன்?"

பாக்கியம் வீட்டில் இருந்த அந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல? சமையல் நன்றாக இருந்தது, அதைச் சாப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனாள். வளையல் போட வந்த பெண்கள் இவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, கைநீட்டாமல் அடுத்தவளிடம் போனார்கள். வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஊசியை அவள் இழுத்த வேகத்தில் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

"கழட்டிரலாமா பாக்கியம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதுக்கு அண்ணே? இதக் கட்டுனவரு உசுரோட இருக்காரு. அவரு கேக்கட்டும், யோசிக்கிறேன்."

மாப்பிள்ளை கேட்கவில்லை. பெரியவர் கடையில் வேலை செய்த மருதமுத்து சாமான் வாங்கக் கோலாலம்பூர் வரும்போதெல்லாம் அவனிடம் சிதம்பரம் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: எப்ப வருவே?

கடைசியில் நேரில் போவது என்று முடிவு செய்தோம். நான் பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்து, அமிர்த யோகம், சூலமில்லாத திசை, சுப ஓரை எல்லாம் கூடிய ஒரு காலை நேரத்தைக் கண்டுபிடித்தேன். கிள்ளானில் அவர் கடைக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் அவர் வீடு. நாங்கள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் அவர் கடையிலிருந்து இறங்கினார். சாவகாசமாகச் சாலையைக் கடந்தார். வாசலில் கையை அகட்டி நின்றார்.

நான் கந்தையா சொன்ன சூரியக் கணக்கை எடுத்துச் சொன்னேன். குரல் கீச்சென்று போனது.

"யாழ்ப்பாணத்தான் சொல்லி நான் ராகு காலம் பாக்கணுமா? தாலியக் கழட்டிட்டு வரச் சொல்லு. பொறவு பேசலாம்."

உள்ளேயிருந்து, "பாக்கியமா?" என்று சிதம்பரத்தின் குரல் கேட்டது. அவள் பதில் சொல்வதற்குள் பெரியவர் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும் ரயிலில் நான் புலம்பினேன். "இவ்வளவு நல்ல நேரம் பாத்துமா இப்படி ஆவணும்?"

பாக்கியம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நல்ல நேரத்துல போனா அவருக்கும் நல்ல நேரம்தானே அண்ணே?"

எனக்குப் புரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு.

"ராகு காலத்துல அவரு கடைப்படிய விட்டு எறங்க மாட்டாரு. தண்ணி வேணும்னாலும் முன்னாலயே செம்புல வாங்கி வச்சுக்குவாரு. வெள்ளிக்கிழமை போவோம். தாலி கட்டுன நேரத்துக்கே போவோம்."

வாயில் வெல்லம்

அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பினோம். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். போவது ராகு காலத்தில். ஆடி மாதம். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கிள்ளானோ மேற்கே இருக்கிறது. சூலத்துக்கு மேற்குத் திசைக்கு வெல்லம் பரிகாரம். சட்டைப் பையில் கட்டி கட்டியாகப் போட்டுக்கொண்டு, ரயில் ஏறியதிலிருந்து ஒன்றொன்றாக வாயில் அடக்கினேன்.

"என்னண்ணே கன்னம் உப்பியிருக்கு?"

"ம்ஹும்."

"சூலத்துக்கா?"

தலையாட்டினேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். வெடுக்கென்று ஜன்னலுக்கு வெளியே எறிவாள் என்று பயந்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு, எந்தக் கடை?" என்றாள்.

கிள்ளானில் இறங்கியபோது ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்தரை தாண்டியிருந்தது. ஒரு சீன ரிக்‌ஷாக்காரரைப் பிடித்து, வீட்டு வாசலில் காத்திருக்கச் சொன்னோம். எதிரே கடையில், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து படி வரை வந்தார். அங்கே நின்றார். கையில் பாக்கெட் கடிகாரம்.

"ஏய்! எங்க போறீங்க? நில்லு! எந்த நேரத்துல வந்து வாசல் மிதிக்கிறே?"

பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசப்படியை நன்றாக அழுத்தி மிதித்து உள்ளே போனாள்.

சிதம்பரம் பெஞ்சில் படுத்திருந்தான். மாவுக்கட்டை அவிழ்த்திருந்தார்கள், கால் மெலிந்து கொம்புபோல் இருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறுநிமிஷமே சுவரைப் பார்த்தான். அங்கே கடிகாரம் இல்லை, பழக்கம் அப்படி.

"இப்ப நேரம் சரியில்லையே பாக்கியம்."

எனக்கு அவனை அந்த இடத்திலேயே அறைய வேண்டும்போல் இருந்தது. பாக்கியம் பெஞ்சில் அவன் காலருகே உட்கார்ந்தாள்.

"உங்கள அந்த வேலைக்கு அனுப்புனப்ப மாமா நேரம் பாத்துத்தான அனுப்புனாரு?"

"ஆமா."

"நல்ல நேரம்தான?"

"ரொம்ப நல்ல நேரம்னாரு."

"கயிறு அறுந்த அன்னிக்கு?"

அவன் யோசித்தான். "அன்னிக்கும் நல்ல நாளுதான். ராகு காலம் முடிஞ்சுதான் வேலைக்கு எறங்கினோம்."

"அப்ப இந்த நேரம் பாத்து என்னோட வாங்க. கெட்டாப் பாத்துக்கலாம்."

சிதம்பரம் அவள் கழுத்தைப் பார்த்தான். தான் கட்டிய முடிச்சைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். "நான் எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு பெரியப்பா" என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். "புடிங்க மச்சான்."

உடனே கிளம்பிவிட்டோம் என்று எழுத ஆசைதான். வாரக்கணக்கில் படுத்தவன், நின்றதும் தலை சுற்றி உட்கார்ந்தான். மறுபடி எழுப்பினோம், மறுபடி உட்கார்ந்தான். அவன் பெரியம்மா, அதாவது பெரியவரின் சம்சாரம், சமையல்கட்டிலிருந்து வந்தார். அந்த அம்மாள் தடுக்கப் போகிறார் என்று நான் பயத்தில் மிச்ச வெல்லத்தையும் விழுங்கினேன். அவர் சிதம்பரத்துக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். இலையில் புளிச்சோறு கட்டினார்.

"மெதுவா எந்திரிக்கட்டும். விழுந்துரப் போறான்" என்றார். "அவரு ரெண்டு கடியாரமும் பாத்துட்டுத்தான் வருவாரு. அவசரமில்ல."

தூக்கிய கால்

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சிதம்பரம் ஒரு கையை என் தோளிலும் ஒரு கையைப் பாக்கியத்தின் தோளிலும் போட்டு, நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தான். என் தோளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பார்சல் கிராணிக்கு மூட்டை நிறுக்கத்தான் தெரியும், தூக்குவது வேறு ஆள்.

சாலைக்கு அந்தப் பக்கம் பெரியவர் படியில் நின்றபடியே தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். ஐந்தடி நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"டேய் மருதமுத்து! போய் அந்த ரிக்‌ஷாவ நிறுத்துடா!"

மருதமுத்து கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான். "மொதலாளி, ராகு காலத்துல ஒரு காரியமும் தொடங்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாங்கள் சிதம்பரத்தை ரிக்‌ஷாவில் ஏற்றி, காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தோம். ரயிலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு மணி. புது நேரப்படி ராகு காலம் முடிந்துவிட்டது.

அவருக்கும் உறைத்தது. பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. வலது காலைத் தூக்கினார். படிக்கு வெளியே, நடைபாதைக்கு மேலே, அந்தக் கால் அந்தரத்தில் நின்றது.

"மொதலாளி, சொவத்துக் கடியாரத்துல இன்னும் முடியல" என்றான் மருதமுத்து.

கால் அப்படியே நின்றது. தலை மட்டும் உள்ளே திரும்பியது. இவரே தள்ள மாட்டேன் என்று வீம்பு பிடித்துப் பழைய நேரத்தில் விட்ட சுவர்க் கடிகாரம், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றது. கூட்டம் முழுக்க அந்தக் காலையே பார்த்தது. பெட்டியோடு ஒரு பெண்ணைத் தெருவில் விடத் துணிந்தபோது நடுங்காத கால், இப்போது நடுங்கியது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாக்கியம் ரிக்‌ஷாவைத் திருப்பி அவர் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, மரியாதையாக, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"மாமா, நாங்க பிரிக்பீல்ட்ஸ்ல அண்ணன் வீட்லதான் இருப்போம். நீங்க நல்ல நேரம் பாத்து வாங்க."

ரயிலைப் பிடித்துவிட்டோம். நான் ரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஓடினேன், அது தனிக் கதை.

சிதம்பரம் சில மாதங்களில் நடந்தான். கொஞ்சம் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். செந்தூலில் வேலை கிடைத்தது. பாக்கியத்துக்குப் பெண் பிறந்தபோது சொல்லியனுப்பினோம். காதுகுத்துக்குச் சொல்லியனுப்பினோம். பெரியம்மா வந்தார். பெரியவர் வரவில்லை. வருகிறேன், ஆனால் நாள் சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அந்தக் குழந்தையைப் பார்க்காமலே, பல வருஷம் கழித்து, போய்ச் சேர்ந்தார்.

நான் இன்னும் ராகு காலம் பார்க்கிறவன்தான். மாறிவிட்டேன் என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் அவர் இருந்த வரை, புதுப் பஞ்சாங்கம் வந்திறங்கியதும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்ப்பேன்: ஒரு மனிதன் கிள்ளானிலிருந்து கிளம்பி, தன் பிள்ளை வீட்டுக்கு வந்து, பேத்தியைத் தூக்கிப் பார்க்க, அந்த வருஷத்தில் ஒரு நல்ல நாளாவது இருக்கிறதா என்று. இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். நல்ல நாள் இல்லாத பஞ்சாங்கம் ஒரு வருஷம்கூடக் கப்பலில் வந்ததில்லை.